மூன்று சொட்டு வெண்ணெய்

மார்ச் 1

மூன்றாம் கூண்டுக்காரருக்கு,

பெட்டியைத் திறந்ததும் பாட்டிலுக்கு முன்னால் காகிதம் தட்டுப்படுகிறதே என்று பயந்துவிடாதீர்கள். நான்தான். போனில் பேசியிருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

நான் மாற்றல் வாங்கிக்கொண்டு இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது. மாதம் பிறந்தால் எங்கள் தொழிற்சாலையின் சிவப்பு லாகர் பீர் இரண்டு பாட்டில் உங்களுக்கு வரும். பதினைந்தாம் தேதி உங்களுடையது இரண்டு எனக்கு வரும். எந்த ஊர்க் கடையில் மூடி திறந்தாலும் ஒரே ருசி இருக்கவேண்டுமாம், அதற்காக இந்தக் கூத்து. அங்கே பெட்டியைத் திறந்து ருசி பார்ப்பது நீங்கள். இங்கே நான். படிவத்தில் நாலு வார்த்தை எழுதித் திருப்பி அனுப்புகிறோம். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

அந்த நாலு வார்த்தையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். "வறுத்த மால்ட். கேரமல். ரொட்டி ஓரம். குறை இல்லை." எட்டு மாதமாக இதையே எழுதுகிறீர்கள். முற்றுப்புள்ளிகூட மாறவில்லை. நீங்கள் அப்படிப்பட்ட ஆள் இல்லையே! முன்பெல்லாம் ஒரு மிடறுக்கு ஒரு பக்கம் எழுதி மேனேஜரைத் தூங்கவைப்பீர்கள்.

அதனால் போன மாதப் பெட்டியில் ஒரு வேலை செய்தேன். புது ஆட்களுக்குக் கெட்ட வாசனைகளை அடையாளம் காட்ட நம் அலமாரியில் சொட்டு மருந்து மாதிரி குப்பிகள் இருக்குமே, அதில் ஒன்றை எடுத்து, இரண்டு பாட்டிலிலும் விட்டு, கை மெஷினில் மறுபடி மூடி போட்டு அனுப்பினேன். மூக்கு என்று ஒன்று முகத்தில் இருக்கிற யாருக்கும் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

பதில் வந்தது. வறுத்த மால்ட். கேரமல். ரொட்டி ஓரம். குறை இல்லை.

நான் அனுப்பிய பாட்டிலைத் திறக்கக்கூட உங்களுக்கு மனசு வரவில்லை, அப்படித்தானே?

நாலாம் கூண்டு


மார்ச் 15

நாலாம் கூண்டு அம்மணிக்கு,

ஆஹா! மூன்று வருஷம் கழித்து வரும் முதல் கடிதமே குற்றப்பத்திரிகையா? போகட்டும். திட்டுவதற்காவது என் ஞாபகம் வந்ததே.

பாட்டிலைத் திறந்தேன். ருசி பார்த்தேன். உன் குறும்பையும் உடனே கண்டுபிடித்துவிட்டேன். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை, பழைய சரக்கின் வாசனை. படிவத்தில் எழுதினால் நேராக உன் மேனேஜர் மேஜைக்குப் போகும். மாற்றலாகிப் போன இடத்தில் உனக்கு எதற்குக் கெட்ட பெயர் என்று விட்டுவிட்டேன். நல்லதுக்குக் காலம் இல்லை.

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. அதே ருசி அறை, ஆளுக்கொரு தடுப்பு, தலைக்கு மேல் அதே சிவப்பு பல்பு. புதிதாக வந்த பெண் ஒருத்தி, "இதை ஏன் சார் கூண்டுன்னு சொல்றீங்க?" என்று கேட்டாள். "உள்ள உட்கார்ந்து ஒரு வருஷம் கழிச்சுக் கேளும்மா" என்றேன். ஐந்தாம் கூண்டு சோப்பு இன்னும் வாசனை சோப்பில் கை கழுவிவிட்டு வந்து திட்டு வாங்குகிறான். தட்டில் கிளாஸ் கொண்டுவருகிற அக்கா உன்னைக் கேட்டார். "நல்லா இருக்கா" என்று சொல்லிவைத்தேன். இருக்கிறாய்தானே?

உன் கூண்டில் யாரையும் உட்காரவைக்கவில்லை. உடைந்த நாற்காலி ஒன்றைப் போட்டுவைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் கூண்டு


ஏப்ரல் 1

என் காதில் பூச்சுற்ற வேண்டாம்.

நனைந்த அட்டையா? நான் எந்தக் குப்பி என்று எழுதவே இல்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. லாகரில் எல்லோருக்கும் வருகிற குறை அதுதான் என்று குத்துமதிப்பாக அடித்துவிட்டீர்கள். நான் விட்டது வெண்ணெய் வாசனை. ஒரு சொட்டு போதும். மூன்று விட்டேன். மூடியைத் திறந்தால் பேக்கரிக்குள் நுழைந்த மாதிரி இருந்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆளிடம்தானே இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன், எனக்குத் தெரியாதா?

ஏன் வெண்ணெய் என்றாவது யோசித்தீர்களா? அன்றைக்கும் வெண்ணெய்தான். பதினேழாம் தொட்டி. ஆறு பேர் நல்லது என்றீர்கள், நான் ஒருத்தி வெண்ணெய் அடிக்கிறது என்றேன். நம் வழக்கப்படி ஒருத்தர் சொன்னாலும் தொட்டியை நிறுத்திவைக்கவேண்டும். ஜலதோஷம் பிடித்தவர் சொன்னால் மட்டும் கணக்கில் இல்லை. நீங்கள் தடுப்புக்கு மேலே எழுந்து, எல்லோர் முன்னாலும், சிரித்துக்கொண்டே, "அவளுக்கு ரெண்டு நாளா மூக்கடைப்பு சார், ராத்திரி எல்லாம் தும்மல்" என்றீர்கள். கட்டின புருஷன் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? "நாலாம் கூண்டு, ஜலதோஷம்" என்று பதிவேட்டில் எழுதி என் சொல்லை அடித்தார்கள்.

எனக்கு ஜலதோஷம் இல்லை.

மூன்று வாரத்தில் கடைகளில் இருந்து சரக்கு திரும்பி வந்தது. வெண்ணெய் நாற்றம் என்று. நான் முன்பே சொன்னேன் என்று ஒருவருக்கும் நினைவில்லை. பதிவேட்டின்படி நான் சொல்லவே இல்லையே.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தண்ணீரும் கையுமாக நின்று, எனக்கு ஜலதோஷ மாத்திரையை நீட்டினீர்களே. வீட்டில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். அங்கே யாருக்காக அந்த நாடகம்? அதைத்தான் இன்றுவரை செரிக்க முடியவில்லை. "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் இங்கே, பஸ் டிப்போ எதிரில், ஒற்றை ஜன்னல் அறையில், ஒரு தட்டு ஒரு டம்ளரோடு உட்கார்ந்திருக்கமாட்டேன்.

என் பாட்டில்களை இனி சாக்கடையில் ஊற்றினாலும் சரி. பொய் மட்டும் எழுதாதீர்கள்.


ஏப்ரல் 15

சாக்கடையில் ஊற்றவில்லை.

இந்த வரிக்கு அப்புறம் மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். சொல்லிவிடுகிறேன். எனக்கு மூக்கு போய்விட்டது.

போன ஜூன் மாதம் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் எழுந்துவிட்டேன். மூக்கு மட்டும் எழுந்திருக்கவில்லை. முதலில் அடைப்பு என்று நினைத்தேன். அடைப்பும் இல்லை, காற்று நன்றாகத்தான் போய்வருகிறது, அதில் ஒன்றும் இல்லை. டாக்டர், "வந்தாலும் வரும், வராமலும் போகலாம்" என்றார். அதைச் சொல்ல ஒரு டாக்டர்!

நாக்கில் கசப்பு தெரிகிறது, லேசாகத் தித்திப்பு தெரிகிறது, நுரை குத்துவது தெரிகிறது. மற்றபடி நம் சிவப்பு லாகர் எனக்குக் குளிர்ந்த கசப்புத் தண்ணீர். நீ அனுப்பிய பாட்டில்களை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து, சன்னலோரம் உட்கார்ந்து, அடிவரை குடித்தேன். எங்காவது ஒரு மூலையில் ஏதாவது வந்துவிடாதா என்றுதான். ஒன்றும் வரவில்லை. பழைய படிவத்தைப் பார்த்து நாலு வார்த்தையை எழுதினேன்.

கூண்டுக்குள் எப்படிச் சமாளிக்கிறேன் தெரியுமா? காதால். சோப்பு நல்ல கிளாஸ் என்றால் மெதுவாக வைப்பான், கெட்டது என்றால் டொக்கென்று வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமுவான். அவன் செருமினால் நானும் "குறை உண்டு" என்று எழுதுவேன். ஒன்பது மாதமாக ஊரை ஏமாற்றுகிறேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று புதுப் பையன்களை எத்தனை தரம் கிண்டல் செய்திருப்பேன், நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. சிரிப்பு இல்லை அது.

போன வாரம் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருக்கிறது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் கதவை உடைக்கிற மாதிரி தட்டி, "என்ன சார், செத்துகித்து போயிட்டீங்களா?" என்று கத்தினார். அவரே ஓடிப்போய் மூடினார். ஜன்னலைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் "தூங்கிட்டேன்" என்றேன்.

ஜூலையில் வருஷாந்திர மூக்குப் பரீட்சை. போன தரம் காய்ச்சலைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். பத்துக் குப்பி வைத்துத் தனியாகக் கேட்பார்கள், அங்கே சோப்பின் தொண்டை இருக்காது. கூண்டை விட்டு அனுப்பிவிட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? வீட்டில் நீயும் இல்லை. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், யாரிடமும் சொல்லாதே.


மே 1

முதலில் அந்தக் கேஸ் அடுப்பைத் தூக்கி எறியுங்கள். கரண்ட் அடுப்பு வாங்குங்கள். இதைப் படித்த அன்றே. மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் அக்காவிடம் பேசினேன். மாதம் ஒருதரம் நாங்கள் பேசுவோம், உங்களுக்குத் தெரியாது. "அவன் சாப்பாடு உப்புச் சப்பில்லைன்னு பாதியிலயே எழுந்திருச்சுடறான், நீ இல்லாத ஏக்கம்னு நெனச்சேன்" என்றார். நானும் ஒரு நிமிஷம் அப்படி இருந்திருக்கலாமே என்று ஆசைப்பட்டேன். வெட்கம்கெட்ட மனசு.

நான் யாரிடமும் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று கேளுங்கள். போன பெட்டியில் வந்த உங்கள் தொழிற்சாலைப் பாட்டிலைத் திறந்தேன். வறுத்த மால்ட் இருந்தது, கேரமல் இருந்தது, கடைசியில் நனைந்த அட்டை வந்தது. இரண்டாவது பாட்டிலிலும் அதேதான். எங்கோ காற்று புகுகிறது. அதை முதலில் பிடித்திருக்கவேண்டிய மூக்கு உங்களுடையது. சோப்பு பிடிக்கமாட்டான், அவனுக்குச் சோப்புதான் வாசனை.

படிவத்தில் என்ன எழுதுவது என்று ஒரு நாள் முழுக்கப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குறை இல்லை என்று எழுதினால் நீங்கள் ஜூலைவரை தப்பிப்பீர்கள். என்னால் முடியவில்லை. "நனைந்த அட்டை, தெளிவாக" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு மேலே அந்தப் படிவம்தான் இருக்கும். அதை நீங்கள் மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், உங்கள் கூண்டில் இது ஏன் தெரியவில்லை என்று கேட்பார்கள். உங்களிடம் பதில் இருக்கிறது.

கொடுக்காமல் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டவும் செய்யலாம். பெட்டியைத் திறப்பது நீங்கள்தானே. என் சொல்லை இன்னொரு தரம் அடிக்க உங்களுக்கு இன்னொரு சந்தர்ப்பம்.

மாத்திரை மட்டும் அனுப்பவேண்டாம்.


மே 15

இரண்டு நாள் இழுப்பறையில்தான் வைத்திருந்தேன். மறைக்காமல் சொல்கிறேன். பூட்டினேன், சாவியைச் சட்டைப் பையில் போட்டேன், வீட்டுக்கு வந்தேன். புதுக் கரண்ட் அடுப்பில் வெந்நீர் வைத்தேன். அந்த வீட்டில் நான் பேசுகிற பேச்சுக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை என்பது எனக்குப் பழகிவிட்டது. அன்றைக்குத்தான் கேட்கவும் யாரும் இல்லை என்று உறைத்தது. ஒருத்தி எழுதி அனுப்பியிருக்கிறாள், அதையும் பூட்டிவைத்துவிட்டு வந்திருக்கிறேன்!

மறுநாள் ருசி நேரம். எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். நான் படிவத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"அங்கேயிருந்து நம்ம சரக்கில் அட்டை வாசனைன்னு எழுதியிருக்காங்க" என்றேன்.

மேனேஜர், "நம்ம இங்க யாருக்கும் வரலையே. அவங்களுக்கு இந்த மாசமும் ஜலதோஷமா?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். என்னுடைய பழைய ஜோக்தான், மூன்று வருஷமாக இங்கே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"அவளுக்கு ஜலதோஷம் இல்லை சார். அன்னைக்கும் இல்லை. பதினேழாம் தொட்டியை முந்தின நாள் நல்லதுன்னு கையெழுத்துப் போட்டவன் நான். அவ சொன்னது சரின்னா என் மூக்கு தப்பு. அதான் பொய் சொன்னேன். இப்ப எனக்கு நெஜமாவே மூக்கு இல்லை, பத்து மாசமாச்சு. சோப்பு செருமினா எழுதுவேன்."

சோப்பு மட்டும், "அண்ணே, எனக்குத் தொண்டையில கரகரப்புண்ணே, அதுக்கும் ருசிக்கும் சம்பந்தமே இல்லையே" என்றான். அப்படியானால் பத்து மாதமாக இந்தத் தொழிற்சாலை சோப்பின் தொண்டைக் கரகரப்பில் ஓடியிருக்கிறது. தட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பழைய பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். உன் பெயருக்கு எதிரில் இருந்த "ஜலதோஷம்" என்பதை நானே கோடு போட்டு அடித்து, "வெண்ணெய். சரியாகச் சொன்னார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதனால் உனக்கு ஒரு லாபமும் இல்லை என்று தெரியும்.

எங்கே காற்று புகுகிறது என்று தேடி, மூடி போடும் மெஷினில் தேய்ந்த ரப்பர் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நீ சொன்னது சரி. என்னை லேபிள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கோணல் லேபிள் ஒட்டிய பாட்டிலைத் தனியாக எடுத்துவைக்கவேண்டும், கண் இருந்தால் போதும். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் ருசி அறைப் பக்கம் போகிறார்கள், நான் ஏணிப்படியில் உட்கார்ந்துகொள்கிறேன்.

இனிமேல் உன் பெட்டியைத் திறப்பவன் சோப்பு. அதனால் அதில் கடிதம் வைக்காதே, கேன்டீனில் உரக்கப் படிப்பான். உன் அறையின் விலாசம் எனக்குத் தெரியாது, நீ கொடுத்ததில்லை, நான் கேட்கவும் போவதில்லை. ஆகையால் இது கடைசி.

அன்றைக்கு அந்த மாத்திரையை நீட்டினேன் அல்லவா, நீ நம்பிவிட்டால் நானும் நம்பிவிடலாம் என்றுதான் நீட்டினேன். மன்னிக்கவேண்டாம். தெரிந்துகொண்டால் போதும்.


ஜூன் 6

இது தபாலில் வருகிறது. கவரின் மேல் வீட்டு விலாசத்தை எழுதும்போது கதவு எண்ணில் கை நின்றுவிட்டது. பதினொன்றா பன்னிரண்டா என்று. மூன்று வருஷத்தில் நம் வீட்டு எண்ணே மறந்துபோகும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். உங்கள் அக்காவைக் கேட்டுத்தான் எழுதினேன். பின்னால் என் விலாசமும் இருக்கிறது.

நான் உடனே பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று நினைக்காதீர்கள். மனசு என்ன சுவிட்சா? ஆனால் பதிவேட்டைப் பற்றி நீங்கள் எழுதியதை நின்றபடியே நாலு தரம் படித்தேன். டிப்போவில் பஸ் எல்லாம் போய்விட்டது, நான் வேலைக்கு லேட்.

கூடவே ஒரு பாட்டில் பார்சலில் வருகிறது. எங்கள் புதுத் தொட்டி. பதினாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, நம் ருசி நேரத்துக்குத் திறங்கள். நானும் இங்கே அதே நேரத்தில் திறப்பேன். நீங்கள் குடிக்கக் குடிக்க நான் சொல்கிறேன். முதலில் மூக்கருகே கொண்டுபோனதும் வறுத்த மால்ட், ரொட்டியைக் கொஞ்சம் அதிகமாகச் சுட்டுவிட்டால் ஓரம் கருகுமே, அது. நாக்கில் பட்டதும் சர்க்கரை கரிந்த தித்திப்பு, ரொம்ப இல்லை, நாம் முதல் தடவை கேரமல் காய்ச்சப்போய்ப் பாத்திரத்தைத் தீய்த்தோமே, அதில் பாதி. நடுவில் ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் பிடிக்கவேண்டும் என்று செய்கிற பீர் அப்படித்தான் இருக்கும். விழுங்கின பிறகு கசப்பு, சீக்கிரம் போய்விடும்.

அதற்கு அப்புறம், கடைசியில், ஒரு இழை பச்சை ஆப்பிள். பழுக்காத வாசனை. தொட்டியிலிருந்து அவசரப்பட்டு இறக்கிவிட்டார்கள். இங்கே ஆறு பேர், இல்லவே இல்லை என்கிறார்கள். நான் ஒருத்திதான் இருக்கிறது என்கிறேன். வழக்கப்படி தொட்டியை நிறுத்தியிருக்கிறார்கள், எல்லோருக்கும் என்மேல் எரிச்சல். நேற்று கேன்டீனில் என் மேஜையில் யாரும் உட்காரவில்லை.

எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?


ஜூன் 14, ஞாயிறு

பழைய படிவம் ஒன்று வீட்டில் இருந்தது. அதிலேயே எழுதுகிறேன்.

நிறம்: சிவப்பு. ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். இத்தனை வருஷம் சிவப்பு பல்பின் கீழேயே குடித்ததில் இது இவ்வளவு சிவப்பு என்று எனக்குத் தெரியாது.

வாசனை: நீ எழுதியதைப் படித்துக்கொண்டே முகர்ந்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை.

சுவை: குளிர்ச்சி, கசப்பு. தீய்ந்த பாத்திரம் இன்னும் பரணில் இருக்கிறது, எடுத்துப் பார்த்தேன்.

குறை: உண்டு. பச்சை ஆப்பிள்.

எப்படித் தெரிந்தது: அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.

சுவைத்தவர்: மூன்றாம் கூண்டு. இவருக்கு மூக்கு இல்லாததால் இவர் சொல்லைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். நாலாம் கூண்டின் சொல்லை அடிக்கவும் கூடாது.

இனி அக்காவைக் கேட்கவேண்டாம். பதினொன்றல்ல, பன்னிரண்டு. கதவு எண்.